ஜி.ஆர்.இ தேர்வு: மனப்பாடம் செய்த ஆங்கிலச் சொற்கள் ஏன் கைவிடுகின்றன?

இன்ஜினீயரிங் முடித்துவிட்டு வெளிநாட்டில் எம்.எஸ் படிக்க நினைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு, ஜி.ஆர்.இ தேர்வின் கணக்குப் பகுதி பெரிய பயமாக இருப்பதில்லை. தூக்கத்தைக் கெடுப்பது ஆங்கிலத்தைச் சோதிக்கும் ‘வெர்பல்’ பகுதிதான். அதிலும் தமிழ் வழியில் படித்தவர்கள், ஆயிரக்கணக்கான சொற்கள் கொண்ட பட்டியலைப் பார்த்ததுமே மலைத்துப்போகிறார்கள். பல ஆயிரம் ரூபாய் கட்டணம் கட்டி எழுதும் தேர்வு என்பதால், வீட்டில் பெற்றோருக்கும் கவலை.

ஆனால், இந்தத் தேர்வு மனப்பாடத்தை மட்டும் சோதிப்பதில்லை. அதைப் புரிந்துகொண்டால் பாதி பாரம் இறங்கிவிடும்.

என்ன கேட்கிறார்கள்?

ஒரு சொல்லைக் கொடுத்து எதிர்ச்சொல் கேட்கும் முறை 2011-ம் ஆண்டோடு போய்விட்டது. இப்போது சொற்கள் வாக்கியத்துக்குள்தான் வருகின்றன. 2023 செப்டம்பரில் தேர்வு நேரமும் 2 மணி நேரத்துக்குள் சுருக்கப்பட்டது. வெர்பலில் 27 கேள்விகள், 41 நிமிடங்கள். மதிப்பெண் 130 முதல் 170 வரை.

கோடிட்ட இடங்களை நிரப்பும் கேள்வியில் மூன்று இடங்கள் இருந்தால், மூன்றும் சரியாக இருக்க வேண்டும். இன்னொரு வகையில், ஆறு சொற்களிலிருந்து வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று மட்டும் சரி என்றால் மதிப்பெண் இல்லை. தவறான விடைக்கு மைனஸ் மார்க் கிடையாது என்பது ஆறுதல்.

சிக்கனமா, கஞ்சத்தனமா?

‘ஃப்ரூகல்’, ‘பார்சிமோனியஸ்’ இரண்டுமே பணத்தை எண்ணிச் செலவழிப்பவரைக் குறிக்கும். ‘சிக்கனம்’ என்று இரண்டுக்கும் ஒரே பொருளை எழுதிவைத்துப் படித்தால் சிக்கல்தான். முதலாவது பெரும்பாலும் பாராட்டு. இரண்டாவதில் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்ற குத்தல் இருக்கிறது.

இந்த நுட்பம் தமிழில் நமக்குப் பிறவியிலேயே தெரியும். பேச்சாளர் என்பதும் வாயாடி என்பதும் ஒன்றல்ல என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே ‘கேருலஸ்’ என்றால் ‘அதிகம் பேசுபவர்’ என்று எழுதாமல், ‘தொணதொணப்பவர்’ என்று எழுதுங்கள். ‘லக்கானிக்’ என்றால் ‘நறுக்கென்று நாலே வார்த்தையில் பேசுபவர்’. வீட்டில் புழங்கும் தமிழே இங்கு நல்ல அகராதி.

தெரிந்த சொல்தான்... ஆனால்!

அறியாத சொல்லைவிட அறிந்த சொல்தான் பல நேரம் காலை வாருகிறது. ‘ஃபிளாக்’ என்றால் கொடி என்று எல்லோருக்கும் தெரியும். தளர்ந்துபோவது என்ற பொருளும் அதற்கு உண்டு. ‘சேங்ஷன்’ அனுமதியையும் குறிக்கும், தண்டனையாக விதிக்கும் தடையையும் குறிக்கும். ஓர் ஆய்வாளர் தன் கருத்தை ‘குவாலிஃபை’ செய்தார் என்றால் தகுதி பெற்றார் என்பதல்ல. ‘எல்லா நேரமும் அப்படியல்ல’ என்று தன் கருத்துக்கு வரம்பு கட்டினார் என்று பொருள்.

குடும்பமாகப் படியுங்கள்

லத்தீனில் பேசுவதைக் குறிக்கும் ஒரு வேரிலிருந்து, வளவளவென்று பேசும் ‘லொக்குவேஷியஸ்’, சொல்வன்மை மிக்க ‘எலக்குவன்ட்’, தனக்குத்தானே பேசும் ‘சொலிலக்வி’ எல்லாம் வந்தன. வேர் தெரிந்தால் ஒரே மூச்சில் நான்கைந்து சொற்கள் வசப்படும். ஆனால், ஒலியை மட்டும் நம்பக் கூடாது. ‘எனர்வேட்’ என்றால் எனர்ஜி தருவதல்ல, சக்தியை உறிஞ்சிவிடுவது. ‘நாய்சம்’ என்பதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை. குமட்டும் நாற்றத்தைக் குறிக்கும் சொல் அது.

மறதிக்கு மருந்து

படித்ததை எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே ஆராய்ந்து எழுதினார். ஒரே நாளில் நூறு சொற்களை விழுங்குவதைவிட, குறைவாகப் படித்து இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதே பலன் தரும்.

அதற்கு எளிய வழி அட்டை முறை. ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருளும் ஒரு வாக்கியமும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டியைச் சில நாள் கழித்துப் பார்த்தால் போதும். தவறினால் மீண்டும் முதல் பெட்டிக்கு வரும். அதை தினமும் பார்க்க வேண்டும். மொபைலில் இதையே செய்ய ‘அங்கி’ போன்ற செயலிகள் உள்ளன. தினமும் 10 சொற்கள் என்றால் 100 நாளில் 1,000.

கூடவே தினமும் ஓர் ஆங்கிலத் தலையங்கமோ அறிவியல் கட்டுரையோ படியுங்கள். ‘ஆல்தோ’, ‘டிஸ்பைட்’ வந்தால் வாக்கியம் எதிர்த்திசையில் திரும்பும். ‘மோர்ஓவர்’ வந்தால் அதே திசையில் தொடரும். கோடிட்ட இடத்துக்கு வழிகாட்டும் கைகாட்டிகள் இவைதான். விடைகளைப் பார்க்கும் முன், அந்த இடத்தில் என்ன பொருள் வர வேண்டும் என்று தமிழிலேயே யோசித்துப் பழகுங்கள்.

தேர்வை நடத்தும் இ.டி.எஸ் தன் இணையதளத்தில் இலவச மாதிரித் தேர்வுகளைத் தருகிறது. உண்மைத் தேர்வுக்கு முன் அதை எழுதிப் பார்ப்பது அவசியம். மதிப்பெண் குறைந்தால், 21 நாள் கழித்து மீண்டும் எழுதலாம். மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும்.

இன்னொன்று, இப்போது பல பல்கலைக்கழகத் துறைகள் ஜி.ஆர்.இ-யைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. பணம் கட்டும் முன், நீங்கள் சேர விரும்பும் துறையின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். தேர்வே தேவைப்படாவிட்டாலும், இப்படிப் படித்த சொற்கள் வீணாகாது. அங்கே போனதும் படிக்க வேண்டிய ஆய்வுக் கட்டுரைகள் இதே ஆங்கிலத்தில்தான் இருக்கும்.