'உங்களால ஒரு கஸ்டமர்கூட வரலையே!' லீட் பிசினஸில் சண்டையைத் தவிர்க்கும் கால் டிராக்கிங்... செட் செய்வது எப்படி?

விளம்பரம் செய்து வாடிக்கையாளரைப் பிடித்து, அந்த அழைப்பை மெக்கானிக், பிளம்பர் போன்றவர்களுக்குக் கொடுத்துக் கட்டணம் வாங்குவதுதான் லீட் ஜெனரேஷன். மாதக் கடைசியில் பில் அனுப்பும்போதுதான் சிக்கல். "உங்களால யாருமே வரலையே" என்பார் மெக்கானிக். "நேத்துகூட நாலு பேர் பேசினாங்களே" என்பார் லீட் கொடுத்தவர். யார் சொல்வது சரி? அதற்கான கணக்குப் புத்தகம்தான் கால் டிராக்கிங்.

இது புதுசா?

இல்லை. போனில் கேட்டால் கடை விவரம் சொல்லும் ஜஸ்ட் டயல் 1996-லேயே வந்துவிட்டது. விளம்பரத்தில் இருக்கும் நம்பருக்கு மிஸ்டு கால் கொடுக்கவைத்த பெங்களூரு நிறுவனமான ஜிப்டயலை 2015-ல் ட்விட்டரே வாங்கியது. எந்த நம்பருக்கு எத்தனை அழைப்பு என்று எண்ணினால், எந்த விளம்பரம் வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். மேட்டர் இவ்வளவுதான்.

எப்படி வேலை செய்கிறது?

ஆந்திர எல்லையை ஒட்டிய எளாவூரை எடுத்துக்கொள்வோம். பழவேற்காடு ஏரிப் பக்கம் தண்ணீர் உப்புக் கரிப்பது புதிதல்ல. அங்கே ஒருவர் ஆர்.ஓ. சர்வீஸ் லீட் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூகுளில் விளம்பரம், சுண்ணாம்புக்குளத்தில் போஸ்டர், ஆரம்பாக்கத்தில் நோட்டீஸ். மூன்றிலும் ஒரே நம்பர் போட்டால், எது காசு, எது வேஸ்ட் என்று தெரியாது. மூன்று வெர்ச்சுவல் நம்பர் போட்டால், எதற்கு அடித்தாலும் மெக்கானிக்கின் அதே போன்தான் ஒலிக்கும். எந்த நம்பருக்கு, எப்போது, எத்தனை நொடி பேசினார்கள், எது மிஸ்டு கால் என்பதெல்லாம் டேஷ்போர்டில் பதிவாகிவிடும்.

செட் செய்யும் வழி

1. எக்ஸோடெல், நாலரிட்டி, மைஆபரேட்டர் போன்ற கிளவுட் டெலிபோனி நிறுவனம் ஒன்றில் கேஒய்சி கொடுத்துக் கணக்கு தொடங்க வேண்டும்.

2. ஒரு விளம்பரத்துக்கு ஒரு நம்பர். பாதியில் மாற்றினால் கணக்கு குழம்பும்.

3. மெக்கானிக் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகும்படி ஃபார்வர்டிங் வையுங்கள். எல்லையோர ஊர் என்பதால், தமிழுக்கு 1, தெலுங்குக்கு 2 என்று மெனு வைப்பது நல்லது.

4. போஸ்டர் அடிப்பதற்கு முன்பே, வேறு வேறு சிம்மில் இருந்து ஒவ்வொரு நம்பருக்கும் அடித்துப் பாருங்கள். அச்சான பிறகு தப்பு தெரிந்தால் காசு போச்சு.

எதை லீட் என்று சொல்வது?

நிஜமான சண்டை இங்கேதான். 8 நொடி ராங் கால் லீட்டா? ஒரே ஆள் நாலு தடவை அடித்தால் நாலு லீட்டா? மெக்கானிக் வேறு வீட்டு வேலையில் இருந்ததால் எடுக்காத அழைப்புக்கு யார் பணம் கொடுப்பது? இதைச் சாஃப்ட்வேர் சொல்லாது. உதாரணமாக, 60 நொடிக்கு மேல் பேசினால் லீட், ஒரே நம்பர் 30 நாளில் ஒரு முறைதான் என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மிஸ்டு கால் பட்டியலை அன்றன்றைக்கே மெக்கானிக்குக்கு அனுப்பிவிட்டால் பாதி பிரச்னை தீரும். 40 நொடியில் "நாளைக்கு வாங்க" என்று சொல்லி முடித்தவரும் நல்ல கஸ்டமர்தான். அதனால் நொடிக்கணக்கை மட்டும் நம்பிவிடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

அழைப்பைப் பதிவு செய்தால், அதை ஆரம்பத்திலேயே அழைப்பவரிடம் சொல்லிவிடுங்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே ஒப்புதலும் நோக்கமும்தான். ஆர்.ஓ. ரிப்பேருக்கு அடித்தவரின் நம்பரை இன்வெர்ட்டர் விற்பவருக்குத் தள்ளிவிடுவது அந்த நோக்கத்துக்குள் வராது. சாதாரண 10 இலக்க நம்பரில் இருந்து விளம்பர அழைப்பு செய்யவும் டிராய் விதிகள் அனுமதிப்பதில்லை. அதற்கு 140-ல் தொடங்கும் வரிசை இருக்கிறது. தொல்லை தாங்காதவர்கள் 1909-ல் புகார் செய்யலாம்.

முதல் மாதம் இரண்டு நம்பர், ஒரு மெக்கானிக் போதும். வாரம் ஒருமுறை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அழைப்புப் பட்டியலைப் பாருங்கள். அதில் இருவருக்கும் சம்மதம் என்றால், அடுத்த ஊருக்குப் போஸ்டர் அடிக்கலாம்.