அறுந்த இழை எது?

எமது மகளின் விண்ணப்பம் நள்ளிரவுக்குள் இணையவழி சென்று சேரவேண்டும். அந்த நாள் பார்த்து, மாலை ஆறு மணிக்கு, வீட்டுக் கணினி “இணையத் தொடர்பு இல்லை” என்று கைவிரித்துவிட்டது. வழக்கம்போல் இணைப்பு வழங்கும் கம்பனியையே நாம் வைதோம்.

வைபை இணைப்பில் இரண்டு இழைகள் உண்டு. கணினியிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று. ரவுட்டரிலிருந்து வெளியுலகுக்கு மற்றொன்று. அறுந்தது எதுவெனக் காணாமல் எவரை வைதும் பயனில்லை. கைத்தொலைபேசி அதே வைபையில் இயங்குகின்றதா என்று பார்த்தல் எளிய சோதனை. மொபைல் டேட்டாவை முதலில் நிறுத்திவிடுங்கள். இன்றேல் அது எம்மை ஏமாற்றிவிடும்! தொலைபேசியும் இயங்காவிடின் ரவுட்டரின் மின்னிணைப்பைக் கழற்றி, அரை நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுத்துப் பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால்தான் கம்பனிக்கு முறையிடவேண்டும்.

எமது தொலைபேசியோ கூடத்தில் நன்றாகவே இயங்கிற்று. ஆகவே குற்றம் கணினியினதே என முடிவுகட்டி, ஒரு மணி நேரத்தை வீணாக்கினோம். விமானப் பயன்முறை கைதவறி அழுத்தப்படவில்லை. கடவுச்சொல்லும் சரியே. ஆனால் கணினியின் இணைய முகவரி 169.254 என்று தொடங்கிற்று. ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காதபோது விண்டோஸ் தானே சூடிக்கொள்ளும் எண் அது. வீடுகளிற் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண்ணே இருத்தல் வேண்டும்.

“அப்பா, போனை இந்த அறைக்குக் கொண்டுவந்து பாருங்கோ” என்றாள் மகள். கொண்டுவந்தோம். அங்கே தொலைபேசியும் ஊமையாயிற்று! அன்று காலை வீட்டைத் துப்புரவு செய்தபோது, கம்பிகள் கண்ணை உறுத்துகின்றனவென்று ரவுட்டரை இரும்பு அலுமாரியின் பின்னே ஒளித்தவர்கள் நாமே.

ரவுட்டர்கள் பல 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளிற் பேசுவன. ஐந்து வேகமுடையது, ஆனால் சுவர்களைக் கடக்கையில் விரைவிற் களைத்துவிடும். 2.4 வேகத்தில் பிந்தினாலும் சுவர் தாண்டிச் செல்லவல்லது. எனினும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே வரிசையையொட்டி இயங்குவதால், கறி சூடாகும் வேளையில் இணைப்புத் தடுமாறலாம். இரும்பு அலுமாரியோ இரண்டையும் மறித்துவிடும்.

ரவுட்டரை அலுமாரியின் உச்சிக்கு ஏற்றினோம். கணினிக்கு உரிய முகவரி கிடைத்தது. விண்ணப்பம் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது அதன்மேல் பூவேலை விரிப்பொன்று போடவேண்டும் என்கிறார் இல்லத்தரசியார். சூடேறிவிடும் என்று தடுத்துவருகின்றோம்.