கார் ஏசி ஏன் விட்டு விட்டு ஓடுகிறது?

பானட்டைத் திறந்து, ஏசியைப் போட்டுவிட்டுக் கம்ப்ரஸரைக் கவனியுங்கள். 'டக்' என்று கிளட்ச் ஒட்டும், சில நொடிகளில் விட்டுவிடும், மறுபடி ஒட்டும். கம்ப்ரஸரையே மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். பெரும்பாலும் அதைக் காப்பாற்றத்தான் ஏதோ ஒரு ஸ்விட்ச் நிறுத்துகிறது.

முதல் சந்தேகம் கேஸ் குறைவு. கம்ப்ரஸர் உறிஞ்சியதும் தாழ்வழுத்தப் பக்கம் சட்டென்று காலியாகிறது. ஆர்-134ஏ வாயு சுமார் 28 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 0 டிகிரியில் ஆவியாகும். அதற்கும் கீழே இறங்கினால் கூலிங் காயிலில் படியும் ஈரம் ஐஸ் கட்டும். அதற்குள் பிரஷர் ஸ்விட்சோ காயில் சென்சாரோ கிளட்சைத் துண்டிக்கும். ஓட்டம் நின்றதும் அழுத்தம் ஏறும், மறுபடி 'டக்'. கேஸோடுதான் எண்ணெயும் சுற்றுகிறது என்பதால், இப்படியே ஓட்டினால் கம்ப்ரஸர் நிஜமாகவே போய்விடும்.

சிக்னலில் நிற்கும்போது மட்டும் வெட்டி, வண்டி ஓடும்போது நன்றாகக் குளிர்ந்தால் கதை வேறு: கண்டென்சர் ஃபேன் சுற்றாமல் அழுத்தம் எகிறியிருக்கலாம். (உள்ளே நன்றாகக் குளிர்ந்தபின் அவ்வப்போது நிற்பது கோளாறே அல்ல.)

இரு பக்கமும் கேஜ் மாட்டாமல் கேஸ் ஏற்ற விடாதீர்கள். கேஸ் எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது. எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இணைப்புகளில் தேடச் சொல்லுங்கள்.