வலுவுக்குப் பெயர் பெற்றது, மின்சாரத்துக்கு வேலை பார்க்கிறது

கார்பன் நானோகுழாய் கலந்த பிளாஸ்டிக் என்றதும் குண்டு துளைக்காத சட்டை, விண்வெளிக்குப் போகும் லிஃப்ட் என்றுதான் பேச்சு கிளம்பும். ஆனால் அது ஓசைப்படாமல் பல வருடங்களாக வேலை பார்க்கிற இடம், காரின் பெட்ரோல் குழாய்.

1991-இல் ஜப்பானின் என்.இ.சி. ஆய்வுக்கூடத்தில் சுமியோ இஜிமா இந்த நானோகுழாய்களைப் பற்றி எழுதினார். 1994-இல் பிரான்ஸில், கேரளத்துக்காரரான புளிக்கல் அஜயன் அவற்றை எப்பாக்ஸிப் பிசினில் கலந்து, இறுகியதும் மெல்லிய சீவல்களாக வெட்டினார். கத்தி போன திசையிலேயே குழாய்கள் வரிசைகட்டிக் கிடந்தன. 2000-இல் தனிக் குழாய்களை இழுத்து அளந்தபோது 11 முதல் 63 ஜிகாபாஸ்கல் வரை தாங்கின. உயர்தர எஃகுக் கம்பிக்கே 3-ஐ ஒட்டித்தான் வரும். ஆசை பிறக்காதா?

பிசினில் போட்டதும் கதை மாறியது. குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும், சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி. மேல்பரப்பு வழவழப்பானது; பிசினுக்குப் பிடிமானம் கிடைக்காது. பாரம் ஏறினால் குழாய் அறுவதற்கு முன்பே உருவிக்கொண்டு வந்துவிடும். அளவைக் கூட்டலாம் என்றால், சில சதவீதத்திலேயே பிசின் கூழாக இறுகி அச்சில் ஓட மறுக்கும். வலுவைப் பொறுத்தவரை, விளம்பரம் சொன்னதில் சிறு பங்குதான் கைக்கு வந்தது என்பது என் கணிப்பு.

மின்சாரத்துக்கு இவ்வளவு பிடிமானம் தேவையில்லை. நீளமான குழாய்கள் அங்கங்கே நெருங்கி நின்றாலே போதும், பாதை கிடைத்துவிடும். எப்பாக்ஸியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகக் கலந்தே இதைச் சாதிக்கலாம். சாதாரணக் கார்பன் கரி என்றால் பல மடங்கு கொட்ட வேண்டும், பிளாஸ்டிக்கும் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும்.

பெட்ரோல் நைலான் குழாயில் உரசி ஓடும்போது நிலைமின்சாரம் சேரும்; ஒரு பொறி கிளம்பினால் போதும். நானோகுழாய் கலந்த நைலான் அந்த மின்சாரத்தைச் சேரவிடாமல் கடத்திவிடுகிறது. சிப் தகடுகளை எடுத்துச்செல்லும் தட்டுகளிலும் இதே சூட்சுமம்தான். 2011-இல் வியாழனுக்குக் கிளம்பிய நாசாவின் ஜூனோ விண்கலத்திலும் நானோகுழாய்த் தாள்களுக்குக் கிடைத்த வேலை, நிலைமின்சாரத்தை வெளியேற்றுவதே.

பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நீளமான, விறைப்பான ஒரு வகை நானோகுழாயை, மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல் சேர்த்தது. பிசினுக்குள் இறுகிக் கிடக்கும்வரை பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. அறுப்பதும் தேய்ப்பதும் வேறு விஷயம்: தண்ணீர் விட்டு அறுங்கள், நுண்தூசைத் தடுக்கும் முகக்கவசம் இல்லாமல் கை வைக்காதீர்கள்.