பழக்கமில்லாத பணிசெயல் முறைமையுடன் மடிக்கணினி: வாங்கலாமா?

வன்பொருளுக்கும் பயனருக்கும் இடையே நின்று, நினைவகத்தைப் பங்கிட்டு, கோப்புகளை ஒழுங்குபடுத்தி, துணைச் சாதனங்களைக் கட்டுப்படுத்தும் மென்பொருளே பணிசெயல் முறைமை ஆகும். பரீட்சைத்தாளில் இவ்வரைவிலக்கணத்தைப் பிழையின்றி எழுதும் மாணவர்கள் கூட, கடையில் "இதில் விண்டோஸ் இல்லை, அதனால்தான் விலை குறைவு" என்று கேட்டவுடன் குழம்பிவிடுகின்றனர். பாடத்தில் படித்ததைப் பயன்படுத்த வேண்டிய இடம் அதுவே.

விண்டோஸ் இல்லாமல் விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் மூன்று வகைப்படும். முதலாவது, டொஸ் அல்லது ஃபிறீடொஸ் என்று குறிப்பிடப்பட்டவை. கட்டளைகளைத் தட்டச்சிட்டு இயக்கும் பழைய வகை முறைமை இது. இதைக் கொண்டு உங்கள் பாட வேலை எதையும் செய்ய இயலாது. விண்டோஸ் உரிமத்தின் விலை இன்னும் சேர்க்கப்படவில்லை என்பதே இதன் பொருள். எனவே உரிமத்தின் விலையையும் கூட்டிப் பார்த்த பின்னரே இது மலிவா என்று சொல்லலாம்.

இரண்டாவது, லினக்ஸ் வகை. 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவின் மீது அமைந்த திறந்த மூல முறைமைகள் இவை. 2004 இல் முதன்முதலில் வெளியான உபுண்டு இவற்றுள் ஒன்று. லினக்ஸ் என்றால் பயப்படும் மாணவர் பலரின் கையிலுள்ள அன்ட்ரொயிட் தொலைபேசியும் அதே கருவின் மீதே இயங்குகிறது. உபுண்டுவுக்குப் பணம் செலுத்தத் தேவையில்லை. அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு 5 ஆண்டுகள் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் கிடைக்கும்.

மூன்றாவது, குரோம்புக். இதில் பெரும்பாலான வேலைகள் இணைய உலாவி வழியாகவே நடைபெறும். வீட்டில் நிலையான இணைய இணைப்பு இல்லாதவருக்கு, தொலைபேசி டேட்டாவை மட்டும் நம்பி இதை வாங்குவது சிரமம் தரும். பழைய குரோம்புக் மலிவாகக் கிடைத்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் இற்றைப்படுத்தல் முடியும் திகதி ஒன்று உண்டு. அது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து கணக்கிடப்படுவதில்லை.

அப்படியானால் எவ்வாறு தீர்மானிப்பது? பணிசெயல் முறைமையின் பெயரிலிருந்து தொடங்காமல், செய்யவேண்டிய வேலைகளிலிருந்து தொடங்குக. ஒரு தாளில் அவற்றை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்தப் பிரயோக மென்பொருள் தேவை, அது அந்த முறைமையில் இயங்குமா என்று பாருங்கள். (வீட்டுக்கு வரும் உறவினரின் ஆலோசனையை இதற்குப் பிறகு கேட்கலாம்!)

சாதாரண தர தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். விரிதாளுக்கு மைக்ரோசொப்ட் எக்செல் இல்லாவிடினும் லிப்ரே ஒஃபிஸ் கல்க் போதும். கூட்டுத்தொகை, சராசரி, உயர் பெறுமானம் காணும் சார்புகள் இரண்டிலும் ஒரே பெயருடனேயே எழுதப்படுகின்றன. பட்டிகளின் இடம்தான் மாறும். பாஸ்கல் செய்நிரல் எழுதிப் பழக உதவும் ஃபிறீ பாஸ்கல் இரு முறைமைகளிலும் இயங்கும். ஆனால் விண்டோஸுக்கென்றே தயாரிக்கப்பட்ட மென்பொருளை லினக்ஸில் நேரடியாக நிறுவ முடியாது. அண்ணாவின் கணக்கியல் மென்பொருளோ தம்பியின் விளையாட்டோ அவ்வகையாயின், அந்த வீட்டுக்கு லினக்ஸ் பொருந்தாமல் போகலாம்.

தமிழ் மாணவர் கவனிக்க வேண்டியது எழுத்துரு. பாமினியில் தட்டச்சிட்ட வினாத்தாள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அது லினக்ஸின் குறையன்று. விண்டோஸிலும் அவ்வாறே நிகழும். பாமினி எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவலாம். யுனிகோட்டில் தட்டச்சிட்ட தமிழுக்கு இச்சிக்கல் இல்லை.

இனி வன்பொருள். அச்சுப்பொறி, வைஃபை ஆகியவற்றுக்குச் சாதனச் செலுத்தி தேவை. உற்பத்தியாளர் அதை லினக்ஸுக்கு வழங்கியிராவிடின் சாதனம் இயங்காதிருக்கலாம். உபுண்டுவைப் பென்டிரைவ் ஒன்றிலிருந்து, வன்தட்டில் நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். வீட்டில் அல்லது நண்பரிடம் உள்ள கணினியில் ஒரு வாரம் இவ்வாறு பழகிப் பார்த்தால், பழக்கமின்மை எவ்வளவு தடை என்பது உங்களுக்கே தெரியும். பணம் கொடுக்க முன் கடையிலும் வைஃபை, ஒலி, கமரா ஆகியவற்றை இயக்கிப் பார்க்கலாம்.

பழக்கமான முறைமை என்பதற்காக எதையும் வாங்கிவிடவும் கூடாது. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 க்கு ரி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய முறைவழியாக்கியும் வேண்டும். பல பழைய மடிக்கணினிகளில் இவை இல்லை. பாவித்த மடிக்கணினி வாங்குவோர் இதை முதலில் கேட்க வேண்டும். அத்தகைய இயந்திரத்தைக் குறைந்த விலையில் வாங்கி உபுண்டு நிறுவுவதே, என் கருத்தில், பணமுடை உள்ள குடும்பத்துக்கு நல்ல வழி.

"விண்டோஸைச் சும்மா போட்டுத் தருகிறோம்" என்று கடைக்காரர் சொன்னால், உரிமம் உண்டா, பற்றுச்சீட்டில் அதை எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது.