விரல்நுனியில் உலகக்கோப்பை

துறைமுகமும் மீன்பிடித் தளமும் தொழிற்கூடங்களும் நெருங்கி அமைந்த வடசென்னையில் விளையாட்டுத் திடல் காண்பது அரிது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாக நீளும் குடியிருப்புகளில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கும். ஆயினும் ஒரு மரப்பலகையும் அதன்மேல் தொங்கும் மின்விளக்கும் இருந்தால் தெருமுனையே ஆடுகளமாகிவிடும். பணிமுடித்து வரும் தொழிலாளருக்கும் பள்ளிவிட்டு வரும் சிறாருக்கும் கேரம் பலகை பொதுவானது.

பொழுதுபோக்கு என்று கருதப்படும் இவ்வாட்டம் உண்மையில் கடுமையானது. ஏறத்தாழ 74 செ.மீ. சதுரப்பலகையில் வெள்ளைக் காய்கள் 9, கறுப்புக் காய்கள் 9, சிவப்புக் காய் 1 என 19 காய்கள் உண்டு. அவற்றை வீழ்த்தும் ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமுக்கு மிகுதல் கூடாது. சிவப்புக் காயை வீழ்த்தியவர், தொடர்ந்து தம் காய் ஒன்றையும் வீழ்த்தினால்தான் அது அவருக்குரியதாகும். தெருவில் இதனை 'ஃபாலோ' என்பர். போட்டிகளில் 25 புள்ளிகளை முதலில் எட்டுபவர் அல்லது 8 பலகைகளின் முடிவில் முன்னிலை பெறுபவர் அந்த ஆட்டத்தை வெல்வார். இருக்கையை நகர்த்தவோ எழுந்து நின்று அடிக்கவோ இயலாது. எட்டாத கோணத்திலுள்ள காயையும் அமர்ந்தவாறே விரலின் ஒரு சுண்டலால் வீழ்த்த வேண்டும். விசை சற்று மிகுந்தால் ஸ்ட்ரைக்கரும் குழிக்குள் சென்றுவிடும். வென்ற காயையே திருப்பி வைக்க நேரும்.

சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991, 1995 ஆம் ஆண்டுகளில் உலக வாகையர் பட்டம் வென்றார். 1996 இல் அருச்சுனா விருது பெற்ற முதல் கேரம் வீரரானார். வியாசர்பாடியின் எளிய குடும்பத்தில் பிறந்த இளவழகி 2008 இல் பிரான்சில் மகளிர் ஒற்றையரில் உலக வாகை சூடினார்.

அவ்வரிசையில் வந்தவர் புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா. தந்தை ஆட்டோ ஓட்டுநர். அப்பகுதிச் சிறாருக்குக் கேரம் பயிற்றுவிப்பவரும்கூட. தந்தையிடமே பயின்ற காசிமாவுக்கு, அமெரிக்காவில் நடைபெறவிருந்த ஆறாவது உலகக்கோப்பைப் போட்டிக்குத் தேர்வானபோது எதிராளியினும் பெரிய தடையாக நின்றது பயணச்செலவு. தமிழ்நாடு அரசு 1.5 இலட்சம் ரூபாய் வழங்கி உதவியது. 2024 நவம்பரில் நடந்த அப்போட்டியில் மகளிர் ஒற்றையர், இரட்டையர், குழு ஆகிய மூன்று பிரிவுகளிலும் அவர் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை அளித்தது.

கேரம் ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெறாத ஆட்டம். ஆதலால் பதக்கம் வென்றோர்க்கும் விளம்பர வருவாயோ தொடர்ந்த பயிற்சி உதவியோ எளிதில் வாய்ப்பதில்லை. மரிய இருதயம் விருது பெற்றபின் காசிமா வெல்லும் வரையிலான 28 ஆண்டுகளில் வேறெந்தக் கேரம் ஆட்டக்காரருக்கும் அருச்சுனா விருது கிட்டவில்லை. உலகப் பட்டம் வென்ற இளவழகிக்கும் அது வாய்க்கவில்லை.