விரதமும் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும்

கோவிந்தாபுரம் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் கேரளம். எல்லை எதுவானாலும் விரதங்களுக்குக் குறைவில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள், கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள், கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் ஒருபொழுது இருக்கும் தாய்மார்கள், ரமலானில் நோன்பு பிடிக்கும் அண்டை வீட்டார் என ஆண்டு முழுவதும் யாராவது ஒருவர் விரதத்தில்தான் இருக்கிறார்.

பட்டினியே பெரிய மருந்து என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் அப்படிச் சொன்ன காலத்தில் வீட்டு அலமாரியில் சர்க்கரை மாத்திரை இருக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், வைகுண்ட ஏகாதசியன்று நடந்தது. "ஒரு வேளைகூட விடக்கூடாது" என்று டாக்டர் சொல்லியிருந்ததால் என் தாயார் காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். ஏகாதசி ஆயிற்றே என்று ஒன்றும் சாப்பிடவில்லை. பதினொரு மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறிவிட்டது. பக்கத்து வீட்டு நர்ஸ் அம்மா ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். என் தாயார் டாக்டர் சொல்லையும் மீறவில்லை, பெருமாளையும் மறக்கவில்லை. விரதம் இருக்கப்போவதை டாக்டரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள், நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிறு காலியாக இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். இன்சுலின் ஊசிக்கும் இதே ஆபத்து உண்டு. வெயிலில் பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனிக்கு நடப்பவருக்குச் சர்க்கரை இன்னும் வேகமாக இறங்கும். 2001இல் 13 நாடுகளில் 12,243 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கடுமையான தாழ்சர்க்கரை ரமலான் மாதத்தில் ஏழரை மடங்கு கூடியதாகத் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நாமாகவே நிறுத்திவிடுவதும் தவறு. வலிப்பு மாத்திரை ஒரு வேளை தவறினாலும் வலிப்பு வரலாம். இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரும் மெட்டோபுரலால், அட்டனலால் மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலிகூட வரும். நீர் பிரியத் தரும் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மயக்கம் வரும். வெறும் வயிற்றில் வலி மாத்திரை போட்டால் குடல்புண் வரலாம்.

அப்படியானால் என்ன செய்வது? விரதத்துக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். ரமலான் போன்ற நீண்ட நோன்பு என்றால் ஆறு வாரம் முன்பே போவது நல்லது. எத்தனை நாள், எத்தனை மணி நேரம், தண்ணீர் உண்டா என்று விவரமாகச் சொல்லுங்கள். மூன்று வேளை மருந்தை இரண்டு வேளையாக மாற்றவோ, அளவைக் குறைக்கவோ அவரால் முடியும். சிலரிடம், "நீங்கள் விரதம் இருக்க வேண்டாம்" என்றும் சொல்வார். அதையும் கேட்க வேண்டும். மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். நம் நோன்பு மலையாளத்தில் 'நோம்பு', மாத்திரை 'குளிக'. பொள்ளாச்சியில் ஒரு டாக்டர், கொல்லங்கோட்டில் ஒரு டாக்டர் என்று பார்க்கிறவர்கள் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கக்கூடும்.

சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ அந்த நிமிடமே விரதத்தை முடித்துவிட வேண்டும். இறங்கினால் மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரத்தில் மறுபடி சோதித்து, பிறகு சாப்பிட வேண்டும். ஏறினால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108க்குக் கூப்பிடுங்கள்.

விரதத்தைக் கெடுக்காதவை என்று நம் சாஸ்திரங்கள் எண்ணும் எட்டில் மருந்தும் ஒன்று. நோயுற்றவர் நோன்பை வேறு நாளில் நிறைவேற்றத் திருக்குர்ஆனும் இடம் தருகிறது. கடவுள் விட்டுக்கொடுத்ததை நாம் பிடிவாதமாகப் பிடித்துக்கொள்ள வேண்டுமா?

அடுத்த விரதம் வருமுன் வீட்டுப் பெரியவர்களிடம், "டாக்டரிடம் சொல்லியாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.